கறுப்பு ஜீப்தான் வேணும்

கார் ஓட்டும்போது போடுகிற தோல் கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டுக்கொண்டே ஜமீர்பெக் மேஜையில் ஓங்கித் தட்டினார். "நான் பதிவு பண்ணுனது என்ன, நீ நீட்டுறது என்ன? கறுப்பு ஜீப் கேட்டா தீப்பெட்டியக் குடுக்கிறியே!"

ஓஷ் நகர விமான நிலையத்தின் வாடகைக் கார் கவுண்டரில் இருந்த அய்ஜமால் வெளியே எட்டிப் பார்த்தாள். வாசலில் நின்ற வெள்ளைக் கார் நிஜமாகவே தீப்பெட்டி மாதிரிதான் இருந்தது.

பதிவு செய்த வண்டி பதிவு செய்தவருக்கே கிடைப்பது அந்தக் கம்பெனியில் அபூர்வம். அதற்குத் திட்டு வாங்கத்தான் அவளுக்குச் சம்பளம். "இன்னும் ஒரு ஆள் கத்திட்டுப் போகட்டும், நீ வேற வேலை பாத்துக்க" என்று மேலாளர் துர்குன்பாய் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. லைசென்ஸக் குடுங்க, வேற வண்டி எழுதிடறேன்."

"முதல்ல வண்டியக் காட்டு. லைசென்ஸ் எங்க ஓடிப் போகுது?"

அதுவும் நியாயம்தான். அழைத்துப்போக வந்திருந்த மாமனார் எர்கெஷ்பாய், வெள்ளைக் கம்பளித் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நடுவில் புகுந்தார். "என் மாப்பிள்ளைய யாருன்னு நினைச்சே? மாஸ்கோவுல ஜீப்பத் தவிர வேற எதையும் தொடமாட்டாரு. மத்தியானம் என் மகன் கல்யாணம். இவரு ஓட்டிட்டு வர்ற அழகப் பாக்க எங்க ஊரே ரோட்டுல நிக்குதும்மா!"

ஜமீர்பெக்கின் மனைவி ஜில்டிஸ் மட்டும் பெட்டிமேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத முகம்.

அய்ஜமால் ஏழு பேர் உட்காரும் வேனை வரவழைத்தாள்.

"நான் என்ன ஆடு ஏத்தவா வந்தேன்?" என்றார் ஜமீர்பெக்.

அடுத்தது போன வாரம் வாங்கிய வெள்ளி நிற ஜீப். சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கேட்டதைவிடப் பெரிய வண்டி, வாடகை அதே. இதைக் காட்டினால் கட்டிப்பிடிக்காத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

"வெள்ளி. நான் கேட்டது கறுப்பு."

"அண்ணே, இது அதைவிட..."

"கேட்டது கறுப்பு."

"பாத்தியா, மாஸ்கோ ஆளு!" என்று மாமனார் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். கூட்டம் சேர்ந்துவிட்டது. அய்ஜமாலுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சத்தம் கேட்டு ஓடிவந்தார் துர்குன்பாய். இரண்டு கையிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு யார் யாரிடமோ கெஞ்சினார், அதட்டினார். கால் மணி நேரத்தில், கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பாதியில் பிடுங்கி வந்த கறுப்பு ஜீப் ஒன்று சோப்பு நுரை சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றது.

"கிடைச்சிடுச்சுண்ணே!" அய்ஜமால் குதிக்காத குறை. "நீங்க கேட்ட அதே வண்டி! லைசென்ஸக் குடுங்க!"

ஜமீர்பெக்கின் முகம் வெளுத்தது. கோபத்தின் உச்சியில் சிலருக்கு அப்படி ஆகும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் ஜீப்பை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று சுற்றினார். கையுறையால் நுரையை வழித்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது கறுப்பா? கருநீலம்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"எனக்குக் கறுப்பாத்தான் தெரியுது, மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

"உங்களுக்கு நல்ல மனசு மாமா. அதான் எல்லாம் கறுப்பாத் தெரியுது."

துர்குன்பாய் கை இரண்டையும் தூக்கிவிட்டார். "போதும் தம்பி. என்னால முடியல. வண்டியும் தர்றேன், ஓட்ட ஆளும் தர்றேன். கல்யாணம் முடிஞ்சு நீங்க திரும்புற வரைக்கும் அவன் உங்ககூடவே இருப்பான், அது எங்க செலவு. இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

ஜமீர்பெக் நீண்ட பெருமூச்சு விட்டார். "ஆசை ஆசையா நானே ஓட்டணும்னு வந்தேன்... சரி, இந்தப் பொண்ணு முகத்துக்காக." கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். டிரைவர் வைத்து வரும் மாப்பிள்ளை என்றதும் மாமனாரின் தொப்பி இன்னும் இரண்டு விரல்கடை உயர்ந்தது.

ஜில்டிஸ் கையெழுத்துப் போடக் கவுண்டருக்கு வந்தாள்.

"அக்கா, எங்களப் பத்தி எங்கயும் தப்பா எழுதிடாதீங்க" என்றாள் அய்ஜமால். "பாவம், அண்ணன் எவ்வளவு ஆசையா வந்தாரு."

"தப்பாவா? இனிமே எப்ப வந்தாலும் உங்ககிட்டதான் தங்கச்சி." ஜில்டிஸ் ஒரு கை விதையை அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தாள். "பத்து பேர்கிட்ட விசாரிச்சுத்தான் உங்க கம்பெனியப் பிடிச்சேன். கேட்ட வண்டிய இவங்க குடுக்கவே மாட்டாங்கன்னு எல்லாரும் அடிச்சுச் சொன்னாங்க. இன்னிக்குக் குடுத்ததும் எங்களுக்கு உயிரே போயிடுச்சு."

"ஏன்க்கா?"

ஜில்டிஸ் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து அவள் காதோடு சொன்னாள்:

"அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."