சூடு காட்டும் ஊசி

திறந்து நிற்கும் பானெட்டுக்குப் பின்னால் தம்பியின் தலை தெரியவில்லை. குரல் மட்டும் வருகிறது. ஓட்டுநர் சீட்டில் அக்கா, வெயில் பட்டுக் கூசும் மீட்டர் கண்ணாடிக்குக் கையால் நிழல் கொடுத்தபடி, எஞ்சின் சூடு காட்டும் ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா விட்டுப்போன பழைய கார். விற்றே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். ஊசி வேலை செய்தால் சாயங்காலமே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று வாங்குகிறவர் சொல்லியிருக்கிறார். புது சென்சார் போட்டும் அது அசையவில்லை. தம்பி சென்சாரின் ஒயரைக் கழற்றி எஞ்சினில் தொட்டுப் பார்க்கிறான். ஊசி ஒரே துள்ளலில் கடைசிக்கு ஓடுகிறது. "ஒயரு, மீட்டரு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கடைக்காரன் கெட்டுப்போனதை என் தலையில கட்டிட்டான்" என்று பொரிந்து தள்ளுகிறான். திட்டிக்கொண்டே சென்சாரைக் கழற்றியவன் சட்டென்று அடங்கிப்போகிறான். தண்ணீர் கசியக்கூடாதென்று அதன் மரையில் வெள்ளை டேப்பை வளைத்து வளைத்துச் சுற்றியவன் அவனேதான். சென்சார் எஞ்சினைத் தொட்டால்தானே கரண்ட் ஓடும்? "யார்கிட்டயும் சொல்லிடாதக்கா." டேப்பை உரித்துவிட்டு சென்சாரை மறுபடி முடுக்கி ஒயரை மாட்டுகிறான். அக்கா சாவியைத் திருப்ப, எஞ்சின் உறுமுகிறது. கியர் கம்பி நடுங்குகிறது. அப்பாவின் உள்ளங்கை பட்டுப் பட்டு அதன் குமிழில் எண்கள் அழிந்துபோயிருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் ஊசி, அரைத்தூக்கத்தில் எழுந்து வருகிறவர் மாதிரி, மெல்ல நகர்ந்து நடுவில் வந்து நிற்கிறது. "அக்கா, ஏறுதா?" அவள் கை குமிழின் மேல் இருக்கிறது. "இல்லடா," என்கிறாள். "அசையவே இல்ல."