யார்டு விரிவாக்கக் கூட்டம்

வண்டலூர் அருகே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அந்த ஆட்டோ ஒரு மணி நேரமாக நகரவில்லை.

"ஒரே பேஜாரா கீது சார். இதுல ரயில் சரக்கு யார்டை இன்னும் பெருசாக்கப் போறாங்களாம்!" என்றார் டிரைவர் ஏசுபாதம்.

"ஏசி ரூம்ல உக்காந்து பிளான் போட்டா இப்படித்தான்!" பின்சீட்டில் பொரிந்தார் தோத்தாத்ரி.

"அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத்தான போறீங்க? நானும் வரேன். ரெண்டு பேருமா நல்லா கேப்போம்!"

மண்டபத்தில் ஏசுபாதம் அவருக்கும் சேர்த்து நாற்காலி பிடித்தார். தோத்தாத்ரியோ நேராக மேடையேறினார். "திட்ட அதிகாரி அவர்களே, வருக!" என்று மாலை போட்டார்கள்.

மைக்கைப் பிடித்தார் தோத்தாத்ரி. "எங்கள் ஆய்வின்படி, லாரிகளால் இந்தச் சாலையில் ஒரு நிமிடம்கூடத் தாமதம் ஏற்படுவதில்லை."

ஏசுபாதம் எழுந்தார்.

"அப்போ இம்மாந்நேரம் நாம ரெண்டு பேரும் எங்க சார் நின்னுகினு இருந்தோம்?"