நீல வட்டம்

அக்காவின் விசாவுக்கு ஓர் ஊசிதான் பாக்கி. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் போடும் சின்ன ஊசி. போட்ட இடத்தைச் சுற்றி நர்ஸ் நீலப் பேனாவால் வட்டம் வரைந்தாள்.

"நாளன்னிக்கு வந்து காட்டுங்க. வீங்கியிருந்தா விசா கஷ்டம்தான்."

துணைக்குப் போயிருந்த தங்கைக்கு அந்தக் கடைசிப் பேச்சு இனித்தது. வீட்டில் எல்லோரும் அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

"மூஞ்சிய ஏண்டி உம்முனு வெச்சிருக்க? வேணும்னா உன்னையும் சூட்கேஸ்ல மடிச்சு வெச்சுக்கறேன்," என்றாள் அக்கா.

"ஒண்ணும் வேணாம், போ."

வீங்கட்டும், வீங்கட்டும் என்று தங்கை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுபடி போனபோது அக்காவின் கை வழவழவென்று இருந்தது. வட்டமும் இல்லை, ஊசி குத்திய தடமும் இல்லை.

"குளிக்கும்போது தேய்ச்சுட்டேன் போல," என்றாள் அக்கா.

"அழிஞ்சா என்ன, வீக்கம் இல்லையே. கையெழுத்துப் போட்டுத் தரேன்," என்று நர்ஸ் படிவத்தை எடுத்தாள்.

காலையிலிருந்தே தங்கைக்கு முன்கை அரித்துக்கொண்டிருந்தது. சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தாள். அக்கா கையில் இருந்த அதே நீல வட்டம்; அதற்குள் தோல் சிவந்து தடித்திருந்தது.

"இங்க இருக்கு சிஸ்டர்," என்று மேஜைமேல் கையை வைத்தாள்.

நர்ஸ் ஆச்சரியப்படவில்லை. ஸ்கேலை வைத்து வீக்கத்தை அளந்து, அக்காவின் பெயருக்கு நேரே எழுதினாள்.