வெள்ளிக் கிண்ணத்துப் பால்

“பால் ஜெயிச்சிட்டு, டாக்டரம்மா” என்று ரத்தப் பரிசோதனைத் தாளை மேசைமேல் விரித்தார் ஞானசம்பந்தன். மூன்று மாதத்துக்கு முன் ஆறாக இருந்த மகளின் ஹீமோகுளோபின் இன்று பதினொன்றரை. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்துக் கண்காணிப்பாளரான அவருக்கு அந்தத் தாள் பதவி உயர்வு ஆணையைவிட இனித்தது.

டாக்டர் ஃபர்ஹத் நீட்டிய விரலை எட்டு வயது ப்ரீத்தி வலக்கையால் இறுகப் பற்றிச் சிரித்தாள். தந்தை முகம் சுளித்தார்.

“பல்லப் பாருங்க, ஒரே கறுப்பு. நாவப்பழம் தின்னுட்டு விளக்காமத் திரியுதா.”

“மாசி மாசத்துல நாவப்பழமா, சார்?”

அது அவர் காதில் ஏறவில்லை. பிறர் சொல் எதுவும் அங்கே ஏறிய வழக்கமில்லை.

மூன்று மாதத்துக்கு முன் மூளையின் ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்து, அதே கை துவண்டு கிடந்தது. உயிரைக் காத்த டாக்டர் காரணமும் சொன்னார்: சோகை. இரும்புச்சத்து இல்லாத பிள்ளைகளுக்கு ரத்தம் இப்படி உறைவதும் உண்டு; பாலை ஒரு தம்ளரோடு நிறுத்தி, இரும்புச்சத்து மருந்தை விடாமல் கொடுக்காவிட்டால் மறுபடியும் வரலாம்.

ஞானசம்பந்தன் நகைத்தார். உறைந்து நிற்கும் அளவுக்கு ரத்தம் பெருகிய பிள்ளைக்கு ரத்தம் போதாதாம். கோட்டை கோட்டையாய் நெல் அளந்த குடும்பத்தில் சோகையாம். சோகை என்பது சோற்றுக்கு இல்லாதவன் வீட்டு நோயல்லவா? மருந்தை அடுக்களை அங்கணத்தில் கவிழ்த்தார். அவர் பட்டம் பெற்றவர். பெற்றதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியதோடு சரி.

அன்றுமுதல் பாட்டனார் காலத்து வெள்ளிக் கிண்ணத்தில் மூன்று வேளையும் பால். ஊற்றுவது அவர், உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் புகட்டுவது மனைவி மஹாலக்ஷ்மி.

ஒரு சொட்டு மருந்துகூட உள்ளே போகவில்லை, எல்லாம் கிண்ணத்தின் மகிமை என்று இப்போது டாக்டரிடம் அவர் முழங்கினார். பக்கத்து நாற்காலியில் மஹாலக்ஷ்மி தலை குனிந்திருந்தாள். மூன்று மாதமாக அவரை எதிர்த்து அவள் ஒரு சொல் பேசியதில்லை.

பெருமை அறைக்குள் அடங்கவில்லை. வெளுத்த குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலில் முறைக்குக் காத்திருந்த கோமுவின் கையில் அதே மருந்து.

“ஏம்மா, அதத் தூர ஊத்து. பாலக் குடு. எம்பிள்ளையப் பாத்தேல்லா?”

படித்தவர் சொல்கிறார், கோமு நம்பினாள். மூலையில் இருந்த கைகழுவும் தொட்டிக்குப் போய் மூடியைத் திருகினாள்.

மஹாலக்ஷ்மி எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்தாள். பிறகு தன் பையைத் திறந்து, பல்லைக் கறுக்கவைக்கும் அந்த இரும்புச்சத்து மருந்தின் காலிப் பாட்டில்கள் மூன்றைக் கணவர் விரித்த தாளின்மேல் வைத்தாள்.

“நீங்க ஊத்தின பாலெல்லாம் பூனைல்லா குடிச்சுது.”