டிக்கிக்கு எந்தப் பெட்டி?

தபால்காரர் ஆசையாய் வாங்கிய குட்டிக் காரின் டிக்கியில் பாட்டின் அடித்தாளத்தை அதிரவைக்கும் இரண்டு சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார் கார் ஆடியோ கடை மாஸ்டர். ஒன்று பெரியது, முகப்பில் துளை வைத்தது. இன்னொன்று சின்னது, எல்லாப் பக்கமும் மூடியது. பாட்டு ஓடும்போதெல்லாம் பின்கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் சின்னதைக் காட்டித் தலையாட்டினார்.

"பெரிசுலதானே சத்தம் அதிகம்? அது ஏன் வேண்டாம்?"

தபால்காரர் மூன்று தடவை கேட்டும், டிக்கிக்குள் குனிந்திருந்தவர் திரும்பவே இல்லை.

தபால்காரருக்குச் சுருக்கென்றது. கல்லாவில் இருந்த மாஸ்டரின் மனைவியிடம் போனார். "இந்த வேலைக்கு இவரை விட்டா ஆளில்லைன்னாங்க. அதுக்காக இவ்வளவு தலைக்கனமா? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. முன்னாடி நின்னு கேளுங்க, உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார். அவருக்குப் பிறவியிலேயே காது கேக்காது."

 தபால்காரர் மாஸ்டருக்கு எதிரே போய் நின்று அதே கேள்வியைக் கேட்டார்.

மாஸ்டர் சிரித்தார். டிக்கியைச் சாத்தி, அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். பெரிய பெட்டி பாடியபோது தகரம் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கியது. சின்னது பாடியபோது தகரம் அசையவில்லை, நெஞ்சுதான் அதிர்ந்தது.

"சின்னதையே வச்சிருங்க" என்றார் தபால்காரர், ஒவ்வொரு சொல்லாக, அவர் முகத்தைப் பார்த்து.