பார்க்க வந்தவர்கள்

"கடைசி ஞாயித்துக்கிழமைகூட நான் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை."

சொல்லிவிட்டு இசைச் சங்கச் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் என்னவோ காய்ந்துதான் இருந்தது.

இரங்கல் கூட்டம் முடிந்து சங்கத்து அறையில் நாலு பேர் மிஞ்சியிருந்தார்கள். செயலாளர், பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதுகிறவர், இறந்துபோன வயலின்காரரின் மைத்துனர், அப்புறம் குடிநோயாளிகள் மறுவாழ்வு இல்லத்திலிருந்து வந்த சமையல்காரர். சமையல்காரர் மடியில் வயலின் பெட்டி இருந்தது. மற்ற மூன்று பேரின் கண்ணும் அதன் மேலேயே இருந்தது.

இருக்காதா பின்னே? அந்த வயலினை வயலின்காரர் தோளில் ஏற்றினால், பக்கத்துத் தெருவில் சண்டை போடுகிறவர்கள்கூடச் சண்டையை ஒத்திவைத்துவிட்டுக் கேட்பார்கள். ஆனால் கச்சேரி முடிந்த மறுநிமிடம் கை பாட்டிலைத் தேடும். மூன்று மாதம் இல்லத்தில் இருந்து குடியை விட்டுவிட்டார். அவருடைய கல்லீரல்தான் அவரை மன்னிக்கவில்லை. பாவம், நல்ல மனுஷன்.

"உங்க மூணு பேருல ஒருத்தர்கிட்ட இதைக் குடுக்கச் சொன்னாருங்க. யாருன்னு கேட்டேன். போய்ப் பேசிப் பாரு, உனக்கே தெரியும்னாரு" என்று சமையல்காரர் வந்ததுமே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகுதான் இந்த அழுகைப் போட்டி.

செயலாளர், வயலினை வைக்கச் சங்கக் கூடத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியே செய்யச் சொல்லிவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயலின்காரர் மேடையிலிருந்து உருண்டு விழுந்தபோது, இனி இந்தப் படி ஏறக்கூடாது என்று கடிதம் அனுப்பியவரும் இவர்தான். இன்றைக்கு வாசலில் ஆள் உயரப் படம் வைத்திருந்தார். கிடைத்த படத்தில் வயலின்காரர் கையில் டம்ளர் இருந்தது. டம்ளரை மட்டும் அழித்துவிட்டதில், வருகிறவர்களை ஆசீர்வாதம் செய்வதுபோல் ஆகிவிட்டது. பாதிப் பேர் கும்பிட்டுவிட்டே உள்ளே வந்தார்கள்.

விமர்சகர், தான் வாராவாரம் போய் மணிக்கணக்கில் குறிப்பெடுத்ததாகச் சொன்னார். வாழ்க்கை வரலாறு எழுதப்போகிறாராம். அட்டையில் அந்த வயலினும் அவரும் இருக்க வேண்டுமாம். போன வருஷம் 'வில்லும் தள்ளாடுகிறது' என்று எழுதிய அதே பேனாதான், இன்று காலை 'இனி ஒருவர் பிறக்கப்போவதில்லை' என்று எழுதியிருந்தது.

அக்கா இறந்த பிறகு அத்தானை எதிரே பார்த்தால் தெரு மாறிப் போகிற மைத்துனரும் சளைக்கவில்லை. அங்கே சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை என்று அத்தான் அழுததாகவும், ஞாயிறுதோறும் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோய்த் தன் கையாலேயே ஊட்டியதாகவும் சொன்னார். இல்லத்துச் சாப்பாட்டைச் சமைத்தவர் எதிரே உட்கார்ந்திருப்பது பாதியில்தான் உறைத்தது. சமையல்காரர் முகம் மாறவில்லை.

மூன்று பேருக்கும் ஒரே தைரியம்தான். அடுப்படியில் கிடக்கிற ஆளுக்கு, வாசலில் யார் வந்தார்கள் என்று எங்கே தெரியப்போகிறது?

சமையல்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மழை, வேலை, உடம்பு சரியில்லை என்று ஒரு வாரமாவது வர முடியாமல் போயிருக்குமே என்று, கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"ஒரு வாரம்கூட விடலை" என்றார்கள் மூன்று பேரும்.

அவர் பெருமூச்சு விட்டுப் பையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். "பார்க்க வர்றவங்க பேரு எழுதுற நோட்டுங்க. இதையும் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

செயலாளர் தண்ணீர் குடித்தார். விமர்சகர், மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைச் சட்டைப் பையில் தேடினார். மைத்துனர் வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்தார்.

சமையல்காரர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். முதல் ஞாயிறு: செயலாளர், விமர்சகர், மைத்துனர். இரண்டாவது ஞாயிறும் அதே மூன்று பேர். இப்படியே பன்னிரண்டு ஞாயிறு. ஒரு வாரம்கூட விடுபடவில்லை.

மூன்று பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. செயலாளருக்குத் தன் ஞாபகசக்தி மேலேயே சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை போயிருப்போமோ? மற்ற இரண்டு பேரும் நிஜமாகவே போயிருக்கிறார்களே என்று ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் எரிச்சல் வேறு. எது எப்படியோ, எழுத்தில் இருக்கிறது, இனி யார் கேட்பது?

ஆளுக்குப் பன்னிரண்டு என்று சமமாகிவிட்டதால், வயலின் சங்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும், கீழே மூன்று பேர் பெயரையும் பொறித்துவிடலாம் என்றார் செயலாளர். விமர்சகரும் மைத்துனரும் ஒப்புக்கொண்டார்கள். செயலாளர் உரிமையோடு கையை நீட்டினார்.

சமையல்காரர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"பார்க்க ஆள் வந்தாத்தான் அங்க வயலின் வாசிக்க விடுவாங்க, அதனால வாராவாரம் உங்க மூணு பேரு பேரையும் அவரே நோட்டுல எழுதிட்டு, நான் போடுற மூணு காலி நாற்காலியைப் பார்த்து வாசிப்பாருங்க" என்றார். "'போய்ப் பார்க்காம விட்டுட்டேனே'ன்னு எவன் அழுறானோ, அவன்கிட்ட குடுன்னுதான் சொல்லிட்டுப் போனாரு."