ட்ராலியோட ஒரு சுத்து

"தம்பி, உன் பொண்டாட்டி கடையையே வாரி எடுத்துட்டு இருக்கா. உடனே கிளம்பி வா!"

அக்கா ஃபோன்ல கிசுகிசுத்தா. பேசுறது துணிக்கடையிலேருந்து. ஒளிஞ்சு நிக்கிறது ஆம்பளைங்க கோட்டு தொங்குற வரிசைக்குப் பின்னாடி. குளிர்காலம் முடியப் போகுது, எதை எடுத்தாலும் பாதி விலை, கூட்டம் அலைமோதுது.

குடும்பத்துல அக்காவுக்கு சிசிடிவின்னு பேரு. யார் வீட்டுல எந்தக் கதவு திறந்தாலும் இவகிட்ட பதிவாயிடும்.

"நிஜமாவாக்கா?" தம்பி குரல் ஏறுச்சு. "போன வருஷத் தள்ளுபடியில வாங்குனதே இன்னும் விலைச்சீட்டு பிரிக்காம பீரோவுல கிடக்கு. இந்தத் தடவையும் அப்படிப் பண்ணினா கார்டைப் பிடுங்கி வச்சுக்குவேன்னு காலையிலதான் அவகிட்ட சொன்னேன்!"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? ட்ராலி ரொம்பி வழியுது. கோட்டு, ஸ்வெட்டர், மப்ளர்... அய்யய்யோ, இப்ப ஒரு சிவப்புத் தொப்பியும் போட்டுட்டா!"

"இதோ வர்றேன். நீ அவமேல ஒரு கண்ணு வச்சுக்க."

கண்ணு வைக்கிறதை அக்காவுக்குச் சொல்லியா தரணும்?

ஆனா ஒரு சிக்கல். தள்ளுபடி நேரத்துல வெறுங்கையோட நின்னா விடுவாங்களா? கடைப்பொண்ணு சிரிச்சுக்கிட்டே வந்துட்டா.

"என்ன மேடம் பாக்குறீங்க?"

"சும்மா... இந்தக் கோட்டு." கைக்கு வந்ததை அக்கா இழுத்தா.

"உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்கு மேடம்! கூட இன்னொண்ணு எடுத்தா அது பாதியிலயும் பாதி!"

அந்த நேரம் பாத்து தம்பி பொண்டாட்டி இந்தப் பக்கம் திரும்புனா. அக்கா அவசரத்துக்கு இன்னொரு கோட்டை எடுத்து மூஞ்சியை மறைச்சுக்கிட்டா.

ரெண்டு கோட்டைத் தூக்கிட்டு எவ்வளவு தூரம்தான் பின்னாடியே போறது? ஒரு ட்ராலியைப் பிடிச்சா. காலி ட்ராலி தள்ளுனா சந்தேகம் வருமேன்னு ஸ்வெட்டர் வரிசையில மூணு ஸ்வெட்டர். ஒளிஞ்சு நின்ன தூணுல கையுறை தொங்குச்சு. அதுல ரெண்டு ஜோடி. பாதியிலயும் பாதின்னா கிட்டத்தட்ட சும்மாதானே!

"சே, என்னமா செலவு பண்றா!" முணுமுணுத்துக்கிட்டே ஒரு கம்பளிப் போர்வையையும் உள்ள தள்ளுனா.

செருப்புப் பகுதியில கண்ணாடி இருந்துச்சு. அதுல பாத்தா பின்னாடி நடக்கிறது அத்தனையும் தெரியும். பாக்கணும்னா உக்காரணும். உக்காந்தா எதையாவது மாட்டிப் பாக்கணும். மாட்டுனா, பூட்ஸு. காலோட பொறந்த மாதிரி ஒட்டிக்கிச்சு. அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி அழகு பாத்துட்டு நிமிந்தா, தம்பி பொண்டாட்டியைக் காணோம்!

அக்கா செருப்பைத் தூக்கி ட்ராலியில போட்டுட்டு, பூட்ஸோட ஓடுனா.

பில் கவுண்டர் வரிசையில நின்னுட்டு இருந்தா அவ. அக்கா எட்டிப் பாத்தா.

அவ ட்ராலியில ஒரே ஒரு சின்னப்பையன் கோட்டு.

"எங்கடி மத்ததெல்லாம்?" வாய் முந்திக்கிச்சு.

அவ பதறவே இல்ல. "வாங்கண்ணி. கோட்டு வரிசைக்கு அடியில ரெண்டு காலு மட்டும் தெரிஞ்சப்பவே நீங்கதான்னு நெனச்சேன்."

"இல்ல, ட்ராலி ரொம்பி..."

"பிடிச்சதையெல்லாம் எடுத்துப் போட்டுக்கிட்டு கடையை ஒரு சுத்து தள்ளுவேன் அண்ணி. கை வலிக்க ஆரம்பிச்சதும் ஆசை தானா எறங்கிடும். அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்த இடத்துலயே மாட்டிடுவேன். இது மட்டும் பையனுக்கு. ரெண்டு சைஸ் பெருசு, அடுத்த குளிருக்கு ஆகும்."

சொல்லிட்டு அக்காவோட ட்ராலியைப் பாத்தா.

அக்காவும் அப்பதான் பாத்தா. ஐயோ! வேற யாரோட ட்ராலியையோ தள்ளிட்டு வந்துட்டோமா? மேல தன்னோட பழைய செருப்பு கிடந்து, இல்லடியம்மா உன்னுதுதான்னு சொல்லுச்சு.

"அடக்கடவுளே!" தம்பி மூச்சிரைக்க வந்து நின்னான். ரொம்பி வழியுற ட்ராலியைப் பாத்தான். "அக்கா சொன்னப்ப நான்கூட நம்பல. இது யாரு எடுத்தது?"

அக்கா அவசரமா பழைய செருப்பைப் போர்வைக்கு அடியில தள்ளுனா. இது மட்டும் வெளிய தெரிஞ்சா, இனி அவ யாரைக் குத்தம் சொல்ல முடியும்?

"நான் எடுத்ததுங்க," தம்பி பொண்டாட்டி நிதானமா சொன்னா. "அண்ணி பாவம், எனக்காகப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

அக்கா சட்டுன்னு அவ பக்கம் திரும்புனா.

"அப்போ சொன்னது சொன்னதுதான்." தம்பி கையை நீட்டுனான். "எடு கார்டை!"

அவ கைப்பையைத் திறந்தா.

"ஏன்டி இப்படிப் பண்றே?" அக்கா அவ காதுகிட்ட பதறுனா.

"போன வருஷம் இதே வரிசையில நானும் இப்படித்தான் முழிச்சுக்கிட்டு நின்னேன் அண்ணி. கூட நிக்க அன்னைக்கு யாரும் இல்ல."

தம்பியோட உள்ளங்கையில ஒரு கார்டு வந்து விழுந்துச்சு. திருப்பிப் பாத்தான். பொண்டாட்டி பேரு இல்ல. அக்கா பேரு.

"அக்கா?"

"எடுத்தது நான்டா. எல்லாமே நான்தான்." அக்கா தலையே நிமிரல.

தம்பி கார்டை அக்கா கையிலயே திருப்பி வச்சான். அவன் பொண்டாட்டி வந்து ட்ராலியோட மூக்கைக் கடைக்குள்ள திருப்புனா.

"பில்லு இன்னும் போடலையே அண்ணி. வாங்க, ரெண்டு பேருமா ஒரு சுத்து தள்ளிட்டு வருவோம். மொதல்ல அந்த பூட்ஸைக் கழட்டுங்க."